இணைவாக்கியமே வேண்டாம் என்பது சரியல்ல

"இணைவாக்கியங்கள், அதாவது ஒரு மொழி வாக்கியமும் அதன் மொழிபெயர்ப்பும் சேர்ந்த இணைகள், எதற்கு? இரு மொழி உரைகளையும் தனித்தனியாகக் கொடுத்தாலே இயந்திரம் மொழிபெயர்க்கும், 2018இலேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். பாதிதான் உண்மை.

அந்த ஆய்வுகள் வந்தது சரி. ஆனால் அவற்றில் பெரிதும் பேசப்பட்ட முடிவுகள் ஆங்கிலம்-பிரெஞ்சு, ஆங்கிலம்-ஜெர்மன் இணைகளுக்கானவை. உறவுள்ள மொழிகள், ஒரே எழுத்து, இரு பக்கமும் குவிந்து கிடக்கும் செய்தி உரை. பயிற்சிக்கு உரை குறைவாகவே கிடைக்கும் குறைவள மொழி இதில் எங்கே வந்தது?

மறு ஆண்டே நேபாளி, சிங்களத்துக்கான ஃபுளோரஸ் சோதனைத் தொகுப்பு வெளியானது. மொழிபெயர்ப்பின் தரத்தை மதிப்பிடும், உச்சம் 100 என்ற பிளூ அளவுகோலில், இணைவாக்கியமில்லாத முறை அங்கே ஒன்றைக்கூட எட்டவில்லை. இந்தி-ஆங்கில இணைவாக்கியங்களைச் சேர்த்த பிறகுதான் நேபாளி தலைதூக்கியது. அதாவது, கைகொடுத்தது பக்கத்து மொழியின் இணைவாக்கியம்.

ஒருமொழி உரை வீண் என்று சொல்லவில்லை. இலக்கு மொழி உரையை மூலமொழிக்குத் திருப்பி, அந்தச் செயற்கை இணைகளால் மீண்டும் பயிற்றும் பின்மொழிபெயர்ப்பு முறை, இதே இரு மொழிகளுக்கும் நல்ல பலன் தந்தது. ஆனால் திருப்புவதற்கு முதலில் ஓரளவு தேறிய மொழிபெயர்ப்பு மாதிரி (model) வேண்டுமே! நேபாளிக்குக் கிடைத்த இணைவாக்கியங்களில் பெரும்பகுதி பைபிள் வசனங்களும் மென்பொருள் மெனு வரிகளும். "கோப்பைச் சேமி" என்று பழகிய மாதிரி விக்கிப்பீடியா வாக்கியத்தைக் கண்டால் திணறத்தான் செய்யும். மெட்டா நிறுவனம் 2022இல் 39 மொழிகளுக்குச் சுமார் 6,000 வாக்கியங்களை மனிதர்களைக் கொண்டே மொழிபெயர்த்து வெளியிட்டது. இணைவாக்கியம் தேவையில்லை என்றால் அந்தச் செலவு எதற்கு?