அடி வாங்குறவன் கையிலதான் சண்டை

போன சனிக்கிழமை இரவு அக்காவின் மகன் உவர்மலையிலிருந்து வந்திருந்தான். ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட் வரும்வரை படம் பார்த்தே காலம் தள்ளுகிறவன். ரி.வியில் ஏதோ ஒரு புதுப் படம். கதாநாயகன் சந்தைக்குள் புகுந்து இருபது, இருபத்தைந்து பேரை வெட்டிச் சாய்க்கிறான். கமரா கண்ணாடியெல்லாம் இரத்தம். கடைசி ஆளையும் முடித்துவிட்டுச் சிகரெட் பற்ற வைக்கிறான். கை நடுங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை.

"மாமா, சரியான ரியல் என்ன?" என்றான்.

"எதுடா ரியல்?"

"இரத்தம்."

அதற்குப் பிறகு படம் தன்பாட்டில் ஓடியது, நாங்கள் இரண்டு பேரும் வாயால் சண்டை பிடித்தோம். அன்று சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நேரில் பார்த்த ஒரு சண்டையிலிருந்து தொடங்குகிறேன். சில வருசத்துக்கு முன், விடியப்புறம், மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தேன். ஐஸ் காசில் இரண்டு பேருக்குள் வாய்த்தகராறு. ஒருவர் தள்ளினார், மற்றவர் குத்தினார். குத்து நெற்றியில் பட்டது. பிறகு இரண்டு பேரும் ஒருவர் சேர்ட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, சாரம் அவிழாமல் ஒரு கையால் காப்பாற்றிக்கொண்டு, மணலில் விழுந்தார்கள். அவ்வளவுதான். பத்து செக்கன் இருக்குமோ தெரியாது. குத்து வாங்கினவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்தார். குத்தினவருக்குத்தான் சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு வெடித்து, ஒரு மாதம் கையில் கட்டு. நெற்றி எலும்பு கெட்டி, கை எலும்பு மெல்லிசு. குத்துச்சண்டைக்காரர் கையுறை போடுவதும் முதலில் கையைக் காப்பாற்றத்தான்.

இதை அப்படியே படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள்? நானே பார்க்க மாட்டேன். ஆகவே "நிஜம் மாதிரி எடுங்கள்" என்று கேட்கிற ஆள் நானில்லை. போர் நடந்த இந்த ஊரில் நாற்பது வயதைத் தாண்டின எவருக்கும் உண்மையான இரத்தம் எந்த நிறம், காயும்போது எந்த நிறம் என்று தெரியும். அம்மா இப்படியான காட்சி வந்தால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா. அதே அம்மா, அடிபட்டவன் பறந்து போய்த் தட்டிவானுக்கு மேல் விழுந்தால் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. நிஜத்தைக் காசு கொடுத்துப் பார்க்க அவவுக்குத் தேவையில்லை.

சின்ன வயதில் லோஞ்ச் ஏறி மூதூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவோம். அங்கேதான் முதன்முதல் வடமோடிக் கூத்து பார்த்தேன். களரியில் இரண்டு அரசர்கள் போருக்கு வருவார்கள். முதலில் தர்க்கம். நீ யார், உன் குலம் என்ன என்று பாட்டுக்குப் பாட்டு. (நம்முடைய பஞ்ச் டயலாக்குக்குத் தாத்தா இதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.) பிறகு மத்தளம் ஏறும், சல்லரி ஏறும், இரண்டு வாளும் தாளத்தில் மோதும். ஒருவர் உடம்பிலும் வாள் படாது. ஆனால் தோற்கப் போகிறவனின் ஆட்டத்தைக் கவனித்தால் தெரியும், கால் தளரும், சுற்று குறுகும், குரல் இறங்கும். வாள் மரமென்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவன் விழும்போது பக்கத்தில் இருந்த ஆச்சி மூக்கைச் சிந்தினா.

மருமகனுக்கு நான் சொன்னது இதைத்தான். பறக்கலாம், சுழலலாம், நூறு பேரை அடிக்கலாம். ஆனால் விழுந்த அடியை அந்த உடம்பு ஞாபகம் வைத்திருக்க வேண்டும். முதல் நிமிசத்தில் தோளில் வெட்டு வாங்கினவன் மூன்றாவது நிமிசத்தில் அதே கையால் ஆளைத் தலைக்கு மேல் தூக்கினால், நீ ஊற்றின இரத்தம் வெறும் சாயம். கூத்தில் இரத்தமே இல்லை, கணக்கு இருக்கிறது. இந்தப் படத்தில் வாளி வாளியாக இரத்தம், கணக்கு இல்லை.

திரைச் சண்டை எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். குத்துகிறவன் கை முகத்திலிருந்து அரை அடி தள்ளித்தான் போகிறது. கமராவை அவன் தோளுக்குப் பின்னால் வைத்தால் இடைவெளி மறைந்துவிடும். சத்தம் பிறகு சேர்க்கிறது. இதெல்லாம் சரியாக இருந்தாலும், அடி வாங்குகிறவன் கழுத்தைத் திருப்புவது ஒரு கண்ணிமைப்பு பிந்தினால் முழுக் குத்தும் பொய்த்துப் போகும். அதாவது அந்தக் குத்தைச் செய்வது குத்து வாங்குகிறவன். கதாநாயகனின் பலமெல்லாம், பெயர் தெரியாத அந்த மனிதனின் கழுத்தில் இருக்கிறது. எம்.ஜி.ஆர். கம்பு சுற்றியதை இன்றும் சொல்கிறோம். அவர் முறையாகப் பழகினவர், அதில் மறுபேச்சில்லை. எதிரில் நின்று, அந்த வேகத்துக்குச் சரியான இடத்தில் சரியான நேரத்தில் தலையைக் குனிந்தவர்களில் ஒருவர் பெயர் எனக்குச் சொல்லுங்கள் பார்ப்போம்.

குத்துச்சண்டைப் படம் 'சார்பட்டா பரம்பரை' (2021) பற்றி அவன் கேட்டான். கேட்பான் என்று தெரியும், அதில் வருகிற குத்துச்சண்டைக்காரன் டான்சிங் ரோஸ் என்றால் அவனுக்கு உயிர். எனக்கும்தான். அந்த மனுசன் வளையத்துக்குள் ஆடுகிறான், குனிகிறான், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நக்கல் பண்ணுகிறான். "அது ரியலே இல்லை, ஆனா செம" என்றான் மருமகன். இங்கேதான் பிழை விடுகிறாய் தம்பி. 1990களில் நசீம் ஹமீத் என்று இங்கிலாந்தில் ஒரு குத்துச்சண்டை வீரர், உண்மையான போட்டியில், உண்மையான அடிக்கு நடுவில் இப்படித்தான் ஆடிக் காட்டினார். நிஜத்துக்குள்ளேயே கூத்து இருக்கிறது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது வேறு இடம். குடித்துத் தொப்பை போட்ட கதாநாயகன் கபிலன் திரும்ப ஓடப் பார்க்கிறான், உடம்பு கேட்கவில்லை. கெடுத்த உடம்புக்கு அங்கே கணக்கு எழுதியிருக்கிறார்கள்.

கொரியப் படம் 'ஓல்ட்போய்' (2003) இன்னொன்று. ஒரு நடைபாதை, ஒருவன் கையில் சுத்தியல், எதிரே ஒரு கூட்டம். பக்கவாட்டிலிருந்து வெட்டே இல்லாமல் ஒரே ஷொட். ஒருவன் அத்தனை பேரை அடிப்பது நடக்கிற காரியமா? இல்லை. ஆனால் முதுகில் கத்தியோடு அவன் தள்ளாடுகிறான், எதிராளிகளும் களைத்துப்போய்ச் சுவரில் சாய்கிறார்கள், நடுவில் எல்லாரும் மூச்சு வாங்குகிறார்கள். அந்த மூச்சுக்காகவே நான் நாலைந்து தரம் பார்த்திருக்கிறேன்.

"அப்ப ஜாக்கி சான்?" என்றான். ஜாக்கி சானைக் கேட்டால் எனக்கு வாய் ஓயாது. வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் சத்தத்துக்கு நடுவே, முற்றம் நிறைந்த சனத்தோடு பார்த்த ஆள் அவர். அடித்துவிட்டுக் கையை உதறுவார். "ஆ" என்று கத்துவார். பகிடிதான், ஆனால் நான் மேலே சொன்ன ஐஸ் காசுச் சண்டைக்கு மிகக் கிட்ட வருகிறவர் அவர்தான்! 1985 இல் 'பொலிஸ் ஸ்டோரி'யில் விளக்குச் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வழுக்கி இறங்கியதில் உள்ளங்கை இரண்டும் வெந்தது. படம் முடிந்தபிறகு எழுத்தோடு தவறிய ஷொட்டுகளைப் போடுவார், ஆள் இரத்தத்தோடு கிடப்பார். சின்ன வயதில் அதைப் பார்க்கத்தான் கடைசிவரை இருப்போம்.

இப்போது அதை நினைத்தால் அவ்வளவு சந்தோசமாக இல்லை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பில் கார் பாய்ந்து கவிழும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்து போனார். இந்தியத் தேசிய விருதில் சண்டைக்கென்று ஒரு பரிசு முதன்முதலில் 2017 இல்தான் வந்தது, மலையாளப் படம் 'புலிமுருக'னுக்காகச் சண்டை இயக்குநர் பீட்டர் ஹெயினுக்கு. ஒஸ்கார் 2028 இலிருந்துதான் கொடுக்கப் போகிறது. பாட்டுக்கும் உடுப்புக்கும் எப்போதோ கொடுத்தாயிற்று. "ரியலா வேணும், டூப் போடாம வேணும்" என்று நாங்கள் இங்கே இருந்து கைதட்டும்போது, அந்த ரியலை யாருடைய முதுகெலும்பில் கேட்கிறோம் என்று ஒருக்கால் யோசிக்கலாம். எனக்குப் பொய்யான அடி போதும். நன்றாகச் செய்த பொய்.

மருமகன் நம்பவில்லை. "எங்க, செய்து காட்டுங்க பாப்பம்" என்றான். மேசையை ஒதுக்கினோம். அவன் போனைச் சுவரில் சாய்த்து வைத்துத் தன் தோளுக்குப் பின்னால் வருகிற மாதிரிப் பார்த்துக்கொண்டான். குத்தினான். அரை அடி தள்ளித்தான் போனது. நானும் தலையைத் திருப்பிக்கொண்டு விழுந்தேன், கதிரையும் சேர்ந்து விழுந்தது. அம்மா அகப்பையோடு ஓடி வந்தா.

போனை எடுத்து இரண்டு தரம் போட்டுப் பார்த்தான்.

"பிந்தீற்றீங்க மாமா. திருப்பி விழுங்க."