மாருதி 800: அலாய் வீலுக்கு முன்னாடி ரேடியேட்டரைப் பாருங்க

பழைய கார்புரேட்டர் மாருதி 800 ஒண்ணு வீட்டு வாசலுக்கு வந்ததும் பலரும் முதல்ல தேடுறது அலாய் வீல், ஸ்பீக்கர், சத்தம் போடற சைலன்சர். வரிசையே தப்பு. தர்மபுரிப் பக்கம் இந்த வண்டியைப் பதம் பார்க்கிறது ரெண்டு விஷயம்: போர் தண்ணி, தொப்பூர் இறக்கம். காசு முதல்ல அங்கதான் போகணும்.

ஃபுளோரைடுக்குப் பயந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கொண்டுவந்த மாவட்டம் இது. குடிக்க ஆகாதுன்னு ஒதுக்கின போர் தண்ணியை ரேடியேட்டருக்கு மட்டும் தாராளமா ஊத்துறோம். (இங்க வில்லன் ஃபுளோரைடு இல்ல, அதே தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு.) வெந்நீர் அண்டாவோட அடியில வெள்ளையாப் படியுதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்லயும் 796 சிசி இன்ஜினுக்குள்ளயும் படியும். சூடு வெளியேற வழியில்லாம இன்ஜினோட மேல்பாகமான அலுமினிய ஹெட் வளையும், அதுக்கு அடியில இருக்கிற கேஸ்கட் போகும். இன்ஜின் ஆறினப்புறம் மூடியைத் திறந்து பாருங்க. தண்ணி துரு கலந்து செங்கல் நிறத்துல இருந்தா ரேடியேட்டரைக் கழட்டிக் கடையில கொடுத்துச் சுத்தம் பண்ணணும். இன்ஜின் பிளாக்குக்குள்ள ஹோஸ் விட்டு, தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் கழுவணும். அப்புறம் பாதி கூலன்ட், பாதி பாட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர். மூடி போடாம ஐடிலிங்ல விட்டு, குமிழி நிக்கிற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருங்க.

ஹீட் ஆகுதுன்னா தெர்மோஸ்டாட்டையே (சூடு ஏறினப்புறம் ரேடியேட்டருக்குத் தண்ணியைத் திறந்துவிடற வால்வு) பிடுங்கிப் போடற வைத்தியம் ஒண்ணு நடக்குது. அதைச் செய்யாதீங்க. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம பெட்ரோல் குடிக்கும், ஆயில் சேறாகும். பழுதான்னு அடுப்படியிலயே பார்த்துடலாம். வால்வு இடுக்குல ஒரு நூலைச் செருகி, அந்த நூல்லயே தெர்மோஸ்டாட்டைத் தண்ணிப் பாத்திரத்துக்குள்ள தொங்க விடுங்க, அடியைத் தொடக்கூடாது. கூடவே ஒரு தெர்மாமீட்டர். வால்வு திறந்ததும் நூல் நழுவி அது கீழ விழும். எத்தனை டிகிரியில திறக்கணும்னு 82, 88ன்னு தெர்மோஸ்டாட் மேலயே அடிச்சிருக்கும். அந்தச் சூட்டை ஒட்டி விழுந்தா நல்ல சரக்கு. கொதிச்சும் விழலைன்னா மாத்துங்க.

அடுத்தது பிரேக். தொப்பூர் கணவாய்ல சேலம் பக்கமா பிரேக்லயே காலை வெச்சு இறங்கினா டிஸ்க் சூடு ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3ங்கிற ரக ஆயில் புதுசா இருந்தா 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினா 140லயே கொதிச்சிடும். குமிழி வந்துட்டா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். அதைவிடக் கூடுதல் சூடு தாங்கற டாட் 4 அரை லிட்டர் வாங்கி நாலு சக்கரத்துலயும் பழைய ஆயில் முழுக்க வெளியேற்றுங்க: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பின்னாடி டிரம்மைக் கழட்டி வீல் சிலிண்டர் ரப்பரை விரலால தூக்கிப் பாருங்க, உள்ள ஈரம் தெரிஞ்சா லீக். இறங்கறப்போ நியூட்ரல்ல உருட்டவே கூடாது. கியர்லயே இறங்குங்க.

துருவுக்கு ஸ்க்ரூடிரைவர் போதும். கால் மிதி மேட்டை எடுத்துட்டு ஃப்ளோர், பாட்டரி தட்டு, கதவோட அடி விளிம்புன்னு குத்திப் பாருங்க. உள்ள இறங்கினா அந்தத் தகட்டை வெட்டி 20 கேஜ் தகடு வெச்சு வெல்டிங்தான் வழி. துருவுக்கு மேல பட்டி வெச்சு பெயிண்ட் அடிச்சா அடுத்த மழைக்கு உப்பிடும். வெல்டிங்குக்கு முன்னாடி பாட்டரி ஒயரைக் கழட்டுங்க, பெட்ரோல் டேங்க் பக்கம்னா டேங்கையே இறக்கிடுங்க.

பெட்ரோல் ஹோஸையும் அப்பவே மாத்திடுங்க. இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, ஊறி வெடிக்கும். ஆர்9ன்னு அச்சடிச்ச ஹோஸ் கேட்டு வாங்குங்க.

இவ்வளவும் முடிஞ்சு காசு மிச்சம் இருந்தா அலாய் வீல். 145/70 ஆர்12 டயருக்குப் பதிலா 155/65 ஆர்13 போட்டா விட்டம் 24 மில்லிமீட்டர் கூடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டறப்போ வண்டி கிட்டத்தட்ட 63ல ஓடும். ஏற்கெனவே சின்ன இன்ஜின், மேட்டுல இன்னும் திணறும். ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பி, உள் ஃபெண்டர்ல உரசுதான்னு பார்த்துட்டுக் காசு கொடுங்க.

கலர் மாத்தறதா இருந்தா ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்.சி.யிலயும் மாத்தணும். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கிறது அஞ்சு வருஷத்துக்குத்தான், ஆர்.சி.யில வெள்ளைன்னு இருந்து வண்டி சிவப்பா நின்னா இன்ஸ்பெக்‌ஷன்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.