மொய் நோட்டுக்கு யார் காப்புரிமை வாங்குவது?

சமூக வலைத்தளத்தில் யாருக்கு யார் என்ன உறவு, எப்போது சேர்ந்தார்கள், நடுவில் என்ன நடந்தது என்பதைத் தேதிவாரியாகத் திரையில் காட்டுவதற்கெல்லாம் காப்புரிமை (பேட்டன்ட்) கேட்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு நடை வந்து பார்த்திருக்கலாம்.

மொய் நோட்டைச் சொல்கிறேன். மூலையில் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, விசேஷத்தின் பெயர், தேதி. முதல் வரி தாய்மாமனுக்கு. அப்புறம் ஊர், தகப்பன் பெயர், ஆள் பெயர், தொகை. காதுகுத்து நோட்டில் 500 செய்தவர் கல்யாண நோட்டில் 1000 செய்திருப்பார். ஒரு நோட்டில் இருந்த பெயர் அடுத்ததில் இல்லையென்றால் நடுவில் ஏதோ வாய்க்கால் தகராறு. பத்திரிகை வைத்துவிட்டு அவர்கள் வாசல் தாண்டும் முன்பே எங்கள் வீட்டில் பீரோ திறந்துவிடும், “நமக்கு என்ன செஞ்சிருக்காக, பாரு” என்று. இப்போது மண்டபத்தில் கம்ப்யூட்டர் மொய்யே வந்துவிட்டது. ஊர்ப் பெயரைத் தட்டினால் பட்டியல், செய்தவர் கையில் ரசீது.

சரி, நியாயமாகவும் பேசுவோம். காப்புரிமை வெறும் யோசனைக்குக் கிடைக்காது, விண்ணப்பத்தில் எழுதிக் கோரிய வழிமுறைக்குத்தான். ஆனால் அந்தக் கோரிக்கையை எவ்வளவு அகலமாக எழுதலாம் என்பதில்தான் வக்கீல்களின் பிழைப்பே. கோப்புகளைக் காலவரிசையில் அடுக்கும் முறைக்கு யேல் பேராசிரியர் டேவிட் கெலர்ன்டர் தரப்பு 1999-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அதை வைத்துத் தொடுத்த வழக்கில் ஆப்பிள் 62 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று 2010-இல் ஜூரி சொன்னது. மறு வருடமே நீதிபதி அதை ரத்து செய்தார். ஆப்பிள் தாங்கும். மண்டப வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் தம்பி தாங்குவாரா?

எங்களிடம் முன்பே இருந்ததே என்று வாதாடலாம்தான். ஆனால் 2013 மார்ச்சுக்கு முன் போட்ட விண்ணப்பங்களுக்கு அமெரிக்கச் சட்டம் வேறு மாதிரி. வெளிநாட்டில் ஊரே பயன்படுத்தினாலும் செல்லாது, அச்சில் வந்திருக்க வேண்டும். மஞ்சளுக்குப் புண் ஆற்றும் குணம் உண்டென்று நம் பாட்டிகள் எல்லோருக்கும் தெரியும். 1995-இல் அமெரிக்கா கொடுத்த மஞ்சள் காப்புரிமையை 1997-இல் ரத்து செய்ய வைத்தது பாட்டிகளின் சாட்சி அல்ல, மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் தேடிக் கொடுத்த பழைய நூல்களும் ஆய்விதழ்களும்தான். மைக்கில் ஊருக்கே கேட்க வாசித்தாலும் மொய் நோட்டு அந்தக் கணக்கில் வராது.

நம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு மென்பொருளுக்கு மென்பொருள் என்ற அளவில் காப்புரிமை இல்லை என்கிறது. 2004-இல் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதைத் தளர்த்தினார்கள். 2005-இல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்காமல் விட்டது. அந்தத் தம்பி இன்று யாரிடமும் அனுமதி கேட்காமல் மொய் மென்பொருள் எழுதி விற்கிறார் என்றால் அதற்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம். “புதுமையை வளர்க்க” அதைத் திருத்த வேண்டும் என்று யாராவது மறுபடி கிளம்பினால், நான் எதிர்ப்பக்கம்.