பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 15 பார்

போன வாரம் கோவையிலிருந்து சித்தப்பா மகன் அழைத்தான். "அண்ணா, வீட்டுக்கு எஸ்பிரெஸோ மெஷின் வாங்கப் போகிறேன். 50,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். எது நல்லது, ஒரு பெயர் சொல்லுங்கள்" என்றான். "அதில் 20,000 ரூபாயைக் காபிக்கொட்டை அரைக்கும் மெஷினுக்கு முதலில் ஒதுக்கி வை. மீதியில் எது வருகிறதோ அதுதான் உன் எஸ்பிரெஸோ மெஷின்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கடையில் 15 பார், 20 பார் என்று அழுத்தம் கூடின மெஷினே கிடைக்கிறதே அண்ணா" என்றான் வருத்தத்தோடு. அவனுக்குப் போனில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கும் ஐந்தாவது ஆள் அவன்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் அந்த எண்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. எஸ்பிரெஸோ என்பது வெந்நீரை அழுத்தத்தில் காபித்தூள் வழியே தள்ளி இறக்கும் கெட்டிக் காபி; அந்த அழுத்தத்தை அளக்கும் அலகுதான் பார். நல்ல எஸ்பிரெஸோவுக்கு வேண்டியது சுமார் 9 பார். 15 என்பது உள்ளே இருக்கும் சிறிய பம்ப், தண்ணீர் வெளியேற வழியே இல்லாதபோது எட்டக்கூடிய உச்சம். கோப்பைக்கு அதனால் ஒரு நன்மையும் கிடையாது. காஜியா கிளாசிக் என்ற வீட்டு மெஷினை வைத்திருப்பவர்கள் பலர் மெனக்கெட்டு அதைத் திறந்து, ஒரு ஸ்பிரிங்கை மாற்றி, அழுத்தத்தை 9 பாருக்கு இறக்கிக்கொள்கிறார்கள். வாங்கும்போது கூடுதலாகத் தெரிந்த ஒன்றை, வாங்கிய பிறகு பணம் கொடுத்துக் குறைக்க வேண்டியிருக்கிறது.

இந்த 9 ஒரே நாளில் வந்ததில்லை. இத்தாலியில் டூரின் நகரத்து ஆஞ்செலோ மோரியோண்டோ 1884இல் காப்புரிமை வாங்கிய மெஷினும், மிலான் நகரத்து லூயிஜி பெட்செரா 1901இல் வாங்கியதும் நீராவியை நம்பியவை. நீராவியால் ஒன்றரை பார் அளவுக்குத்தான் தள்ள முடிந்தது. அதற்கே தண்ணீர் அளவுக்கு மேல் சூடாகி, காபி கருகின கசப்போடு இறங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அக்கிலே காஜியா கொண்டுவந்த நெம்புகோல் மெஷினில் நீராவியின் இடத்துக்கு ஸ்பிரிங்கின் விசை வந்தது. காபியின் மேல் கிரெமா என்ற பொன்னிற நுரை படிந்தது அப்போதுதான். 1961இல் ஃபேமா இ61 என்ற மெஷின் வந்து, கை இழுத்த வேலையை மின்பம்பிடம் கொடுத்தது. காபிக்கடைகள் இன்றைக்கும் அந்த 9 பாரைச் சுற்றித்தான் இயங்குகின்றன.

தம்பிக்கு நான் உறைக்கச் சொல்ல நினைத்தது இதுதான்: பம்ப் தண்ணீரைத் தள்ள மட்டுமே செய்யும். எதிர்த்து நிற்க ஏதாவது இருந்தால்தான் அழுத்தம் உண்டாகும். அப்படி எதிர்த்து நிற்பது கைப்பிடிச் சல்லடையில் அடைத்திருக்கும் 18 கிராம் காபித்தூள். தூள் பருபருவென்று இருந்தால் தண்ணீர் எட்டு நொடியில் ஓடிவிடும். எத்தனை லட்ச ரூபாய் மெஷினாக இருந்தாலும் அங்கே அழுத்தமே எழாது. அதனால் அந்த 9 பாரை உண்டாக்குவதில் பாதி வேலை அரவையுடையது. கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

கிரைண்டர் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் தவிர்க்கிறேன். கோவைக்காரர்களிடம் கிரைண்டர் என்றால் மாவாட்டும் கல்தான் கண்முன் வரும். மிக்ஸியில் அரைக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் வரும். மாவாய்ப் போனது கசப்பை இறக்கும், குருணை புளிப்பை இறக்கும், இரண்டும் ஒரே கோப்பையில் வந்து சேரும். இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையே கொட்டை நசுங்கி ஒரே சீராக விழும் மெஷின்தான் வேண்டும். அதிலும் அரவை அளவை மிக நுணுக்கமாக மாற்ற முடிய வேண்டும். எஸ்பிரெஸோவில் ஒரு சிறு திருப்பு திருப்பினால் நான்கைந்து நொடி வித்தியாசம் வரும். மின்சார மெஷினுக்குப் பணம் போதாவிட்டால் கையால் சுற்றும் நல்ல அரவையே போதும். காலையில் ஒரு நிமிடம் கை வலிக்கும், அவ்வளவுதான்.

நான் முதல் வருடம் முழுக்கக் கடையில் அரைத்த தூளையே போட்டுக்கொண்டிருந்தேன். மெஷினோடு வந்த இரட்டைச் சுவர் சல்லடையில் நுரை பொங்கி வரும். பார்க்க அழகாக இருக்கும். குடித்தால் தண்ணீர்ச் சுவை. அந்தச் சல்லடையில் காபி ஒரே ஒரு சிறு துளை வழியாகப் பீறிடுவதால் வரும் நுரை அது. கையரவை வாங்கி, ஒற்றைச் சுவர் சல்லடைக்கு மாறிய வாரம் இன்னும் நினைவில் இருக்கிறது. மெஷின் அதேதான். ஆனால் 27 நொடியில், தேன் ஒழுகுவதுபோல் மெல்லிய நூலாக இறங்கியது. அம்மா எட்டிப் பார்த்து, "கள்ளிச்சொட்டு மாதிரி இருக்கிறதே" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிகப் பெரிய பாராட்டு அது.

சிக்கரி கலந்த தூளை மட்டும் தயவுசெய்து இந்த மெஷினில் போடாதீர்கள். ஃபில்டரில் அது நிதானமாக இறங்கி டிகாக்‌ஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும். அங்கே அதற்கு ஓர் இடம் உண்டு. அழுத்தத்தில் வரும் வெந்நீரில் அது பிசுபிசுத்துப் போய்ச் சல்லடைத் துளைகளை அடைத்துவிடும். கொட்டையாக வாங்குங்கள், வறுத்த தேதி அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து வாங்குங்கள். வறுத்த மறுநாளே போட்டால் கொட்டைக்குள் இருக்கும் வாயு தண்ணீரைத் தாறுமாறாகத் தள்ளும். ஒரு வாரம், பத்து நாள் ஆறவிட்டு, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுவது என் வழக்கம். பால் சேர்த்துக் குடிப்பவர்கள், கசப்பும் கெட்டியும் கூடிய ரொபஸ்டா என்ற காபி வகை கொஞ்சம் கலந்த கொட்டையை எடுத்தால் பாலைத் தாண்டிக் காபியின் சுவை நிற்கும். ரொபஸ்டா என்றாலே மட்டம் என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நம் நாட்டுக் காபியை மிகுதியாக வாங்கும் நாடு இத்தாலிதான். அவர்களுடைய எஸ்பிரெஸோ கலவைகளுக்குள் குடகும் வயநாடும் இருக்கின்றன. சிக்மகளூரும் ஏற்காடும் ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்க, நாம் ஏன் எப்போதோ வறுத்த வெளிநாட்டு டப்பாவைத் தேட வேண்டும்?

அடுத்தது தண்ணீர். கோவையில் இருந்தவரை சிறுவாணித் தண்ணீரை அப்படியே ஊற்றினேன், ஒரு குறையும் வந்ததில்லை. வேலை மாறிச் சென்னைக்கு வந்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் போர்வெல் தண்ணீரை அதே நம்பிக்கையில் ஊற்றினேன். எட்டாவது மாதம் நீராவிக் குழாய் சீறுவதை நிறுத்தியது. பழுதுபார்க்க வந்தவர் பாய்லரைத் திறந்து காட்டினார். உள்ளே சுவரெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. சரிசெய்ய ஆன செலவில் இன்னொரு கையரவை வாங்கியிருக்கலாம். அதற்காக உப்பே இல்லாத ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரேயடியாகத் தாவுவதும் சரியில்லை. காபி சப்பென்று ஆகிவிடும். ஓரளவு கனிமம் இருந்தால்தான் தண்ணீர் காபியின் சுவையைப் பிடித்து இழுக்கும். நான் ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் கேன் தண்ணீர் கலந்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 100 அளவில் வைத்துக்கொள்கிறேன். அந்த மீட்டர் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும், சுண்ணாம்பை மட்டும் பிரித்துக் காட்டாது. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு நீக்கியையும் ஓட்டிவிடுகிறேன்.

காலையில் எழுந்ததும் மெஷினைப் போட்டுவிட்டுத்தான் பல் துலக்கப் போவேன். விளக்கு இரண்டு நிமிடத்தில் தயார் என்று சொல்லும், நம்ப வேண்டாம். இரும்பும் பித்தளையும் உள்ளே வரை சூடேற 20 நிமிடம் வேண்டும். 18 கிராம் கொட்டையை எடைபோட்டு அரைத்து, மெல்லிய ஊசியால் தூளைக் கிளறிக் கட்டி உடைத்து, சாயாமல் நேராக அழுத்துகிறேன். கோப்பையின் அடியில் தராசு. 36 கிராம் இறங்க 25 முதல் 30 நொடி. சீக்கிரம் இறங்கிப் புளித்தால் இன்னும் பொடியாக அரைப்பேன். இழுத்துக்கொண்டு கசந்தால் சற்றுப் பருமனாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றுவேன். பால் நுரைத்ததும் நீராவிக் குழாயை அப்போதே ஈரத்துணியால் துடைத்து, ஒருமுறை சீறவிட்டு நிறுத்துகிறேன். உலர்ந்த பால் குழாயில் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தால் அந்த வீட்டில் காபி வாங்கிக் குடிக்க மனம் வராது.

மெஷினின் பெயரைச் சொல்லாமல் விட்டால் தம்பி விடமாட்டான். சிறிய இடம், குறைந்த பணம் என்றால் டெலாங்கி டெடிகா. ஒற்றைச் சுவர் சல்லடையைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். 1991இலிருந்து வரும் காஜியா கிளாசிக்குக்கு உதிரிபாகங்கள் கிடைக்கும், நாமே திறந்து பார்க்கலாம்; என் சாய்வு அதன் பக்கம். பால் வேண்டாம், ஒருவர்தான் குடிப்பேன் என்பவர்கள் கையால் அழுத்தும் ஃபிளேர் போன்றவற்றைப் பார்க்கலாம். வாங்கும் முன் சமையல் மேடையில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தூள் அடைத்த சிறு குப்பியைப் போட்டு இயக்கும் கேப்ஸ்யூல் மெஷின்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வீட்டில் நான்கு பேருக்கும் காலையில் டபரா டம்ளரில் பால் காபிதான் வேண்டும் என்றால், இந்த மெஷினே தேவையில்லை. அம்மா இன்றும் ஃபில்டர் காபிதான் குடிக்கிறார். மாறியது தூள் மட்டும். அதையும் நான்தான் அரைத்துக் கொடுக்கிறேன்.

நேற்று தம்பி படம் அனுப்பியிருந்தான். சமையல் மேடையில் கையரவை மட்டும் இருக்கிறது. மெஷின் தீபாவளிக்குப் பிறகாம். அதுவரை சித்தியின் பித்தளை ஃபில்டருக்கு அரைத்துக் கொடுக்கப் போகிறான். அரவை அளவை எத்தனையாவது கோட்டில் வைப்பது என்று கேட்டிருக்கிறான். இதை எழுதி முடித்ததும் அவனைத்தான் அழைக்கப் போகிறேன்.