கியூபுக்கு மாற்றினால் 360 படம் தெளிவாகிவிடுமா?

சுற்றிலும் உள்ள எல்லாவற்றையும் காட்டும் 360 டிகிரி காட்சியை 2:1 அளவில் தட்டையாக விரித்ததே கோள வடிவப் படம். அதை ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களைப் போல ஆறு சதுரப் படங்களாகப் பிரிப்பதுதான் கியூப். 'கோள வடிவப் படத்தை ஆறு சதுரமாக்கினால் தெளிவு கூடும்' என்று புதுச்சேரி போட்டோகிராபர்களிடையே வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. கேமராவில் பதியாத விவரம் எந்த மாற்றத்திலும் வராது, குறையத்தான் வாய்ப்பு.

8000×4000 பிக்சல் படத்தின் அகலத்தைப் பலர் நான்கால் வகுத்து, 2000 பிக்சல் சதுரங்களாக்குகிறார்கள். அதில் ஒவ்வொரு முகத்தின் நடுப்பகுதியும் மங்கும். அகலத்தை 3.14ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 2548.

கியூபின் உண்மையான பயன் ரீடச்சிங், அதாவது படத்தில் உள்ள குறைகளைத் திருத்துவது. பாரதி பூங்கா ஆயி மண்டபத்தின் மேல்விளிம்பு கோளப் படத்தில் வில்லாக வளையும். சதுர முகத்தில் நேராக நிற்கும். டிரைபாட் காலை அழிக்கவும் கீழ்முகமே வசதி. ஆனால் ஒரு முகத்தை மட்டும் ஷார்ப்பன் செய்தால் (கூர்மையாக்கினால்), அடுத்த முகத்தோடு சேரும் விளிம்பில் கோடு தெரியும். கூகுள் ஸ்ட்ரீட் வியூவுக்கோ மறுபடி 2:1 கோளப் படம்தான் தேவை.