மே தொடக்கத்தில் சுவிஸ் கணவாய்களா? வேண்டாம்

சுவிட்சர்லாந்தின் கணவாய்ச் சாலைகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும், மே தொடக்கத்தில் சைக்கிளில் போனால் கூட்டமே இருக்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூட்டம் இல்லாததற்குக் காரணம், அப்போது பெரும்பாலான உயரக் கணவாய்களில் சாலையே மூடியிருப்பதுதான். இதை நம்பி யாரும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

ஜூலியர் போன்ற சில கணவாய்களைக் குளிர்காலத்திலும் திறந்து வைக்கிறார்கள். ஆனால் ஃபுர்கா (2,429 மீட்டர்), நூஃபெனென் (2,478 மீட்டர்), கிரிம்செல் (2,164 மீட்டர்) மூன்றும் அப்படியல்ல. பனியை வெட்டி அகற்றவே வாரக்கணக்கில் ஆகும். பனிச்சரிவு அபாயமும் நீங்க வேண்டும். வழக்கமாக மே இறுதிக்கும் ஜூன் நடுப்பகுதிக்கும் இடையில் திறப்பார்கள். அந்தத் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். காரில் போகிறவர்களுக்காவது ரெயால்ப்–ஓபர்வால்ட் இடையே வண்டியை ரயிலில் ஏற்றி, ஃபுர்காவுக்கு அடியிலுள்ள சுரங்கம் வழியாகக் கடக்கும் வசதி உண்டு.

“கணவாய் மூடியிருந்தால் சைக்கிளில் கோட்ஹார்ட் சாலைச் சுரங்கம் வழியாகப் போய்விடலாம்” என்று அவர் சொல்வது இன்னும் ஆபத்தான யோசனை. ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நெடுஞ்சாலைச் சுரங்கத்தில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. கோட்ஹார்ட் கணவாய் திறந்த பிறகு, அதற்கு ஏறிச் செல்லும், கற்கள் பாவிய பழைய த்ரெமோலா சாலையில் ஏறுங்கள். அடுக்கடுக்கான கொண்டை ஊசி வளைவுகளுடன் அவ்வளவு அழகான ஏற்றம் அது! ஈரமான நாளில் மட்டும் அந்தக் கற்களின்மீது இறங்காதீர்கள், மிகவும் வழுக்கும்.