நான் கேட்டது ஒரே ஒரு எண்

நான் சின்னதாக ஒரு ஆடை தைக்கும் கம்பெனி நடத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை பிசினஸ் பயிற்சிக் கூட்டத்து மேடையில் நடந்ததைப் பலரும் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: இந்தப் பயிற்சிக்கு முன்னால் உங்கள் கம்பெனிகளில் ரிஜெக்‌ஷன், அதாவது பழுதென்று கழிக்கப்படும் சரக்கு எவ்வளவு, இப்போது எவ்வளவு? "சார் கொஞ்சம் நெகட்டிவா இருக்கார், ஒரு கைதட்டு கொடுங்க" என்றார் கோச். அரங்கமே சிரித்தது.

சரி, சிரியுங்கள். எண் எங்கே?

பயிற்சிக்கு எல்லோரும் ஐந்து ஸ்டார் போட்டார்களாம். மதியம் பிரியாணி நன்றாக இருந்தது, நானும் போட்டிருப்பேன்.

வியாபாரத்தை அப்படியெல்லாம் அளக்க முடியாதாம். மும்பையை ஒட்டிய தாராப்பூர், உம்பர்காவ் நெசவு ஆலைகளில் 2008இல் தொடங்கி அளந்தே காட்டினார்கள், நிக்கோலஸ் ப்ளூமும் அவரோடு சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்களும். குலுக்கல் முறையில் 14 ஆலைகளுக்கு ஐந்து மாதம் இலவச ஆலோசனை. 6 ஆலைகளுக்கு ஒரு மாதம் பார்த்துச் சொன்னதோடு சரி. பழுதை எழுதி வைக்கிறார்களா, நூல் இருப்புக்குக் கணக்கு உண்டா என்று 38 பழக்கங்களைப் பார்த்தார்கள். ஆலோசனை பெற்ற ஆலைகளில் முதல் வருடமே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த அந்த 6 ஆலைதான் விஷயமே. தீபாவளி ஆர்டர் வந்தால் எல்லாருக்கும்தான் விற்பனை ஏறும், அது கோச் செய்த புண்ணியமா?

ஆக, நான் பயிற்சிக்கு எதிரி இல்லை. நகைக்கடன் வாங்கி ஃபீஸ் கட்டியவன். செக்கிங் டேபிளில் நோட்டுப் போடச் சொன்னதே அந்தக் கோச்தான், மறைக்க மாட்டேன். செக்கிங் அக்கா தினமும் எழுதினார்: கழுத்து ரிப் இழுப்பு, தையல் விட்டது, எண்ணெய்க் கறை. ஒரே வாரத்தில் தெரிந்தது, கறை முழுக்க ஒரே ஓவர்லாக் தையல் மிஷினிலிருந்து. அப்புறம் அக்கா வேறு கம்பெனிக்குப் போனார். நோட்டும் நின்றது. கோச்சுக்குப் போன் செய்தேன். அட்வான்ஸ் லெவலில் சேரச் சொன்னார்.

மும்பைப் பக்கத்து அந்த ஆலைகளுக்கு ப்ளூம் குழுவினர் 2017இல் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். பழக்கங்களில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தது. மேனேஜர்கள் மாறியது ஒரு காரணம். அப்படியும் மற்ற ஆலைகளைவிட நன்றாகவே நடந்துகொண்டிருந்தன. போய்ப் பார்த்ததால்தானே இதெல்லாம் தெரிந்தது? என் கம்பெனிக்கு யார் வந்தார்கள்?

"தன்னம்பிக்கையை எப்படி அளப்பீர்கள்?" என்று இன்பாக்ஸில் ஒருவர். அளக்க வேண்டாம் தம்பி. ஃபீஸை மட்டும் ஏன் ரூபாயில் எண்ணி வாங்குகிறீர்கள்? ஒரு சின்ன கம்பெனியை வைத்து முடிவு சொல்ல முடியாது என்கிறார் இன்னொருவர். உண்மைதான். அதனால்தான் ஹாலில் உட்கார்ந்திருந்த எல்லாரிடமும் கேட்டேன்.

கோச் கிண்டல் செய்தது பரவாயில்லை, அது அவர் பிழைப்பு. முன்வரிசையில் சிரித்தவர்களில் பத்து வருடமாக என்னோடு ஒரே சாயப்பட்டறையில் துணி போடுகிறவரும் இருந்தார். போன மாதம் அவருக்கு ஒரு லாட் சரக்கு முழுக்கத் திரும்பி வந்தது. நள்ளிரவில் என்னைத்தான் கூப்பிட்டார்.